வார்டுக்குப் புதிதாய் வரும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

திண்டுக்கல் பக்கம் நர்ஸ் வேலை புதிதில்லை. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் வளர்ந்ததுதான் கஸ்தூரிபா மருத்துவமனை. ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனை 1955-லிருந்து நடக்கிறது. 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் ஊருக்கு வந்தது. நர்சிங் முடித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையோடு வருஷா வருஷம் வார்டுக்குள் நுழைகிறீர்கள்.

கொரோனா வந்த 2020-ல் உங்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலே எல்லோரையும் பாஸ் போட்ட வருஷம் அது. அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொற்று அதிகம் கண்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. இங்கே அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. நம் ஊர் நோயாளிகளை ஆம்புலன்சில் கரூருக்கு அனுப்பினார்கள். அடுத்த பெருந்தொற்று எந்த வருஷம், எந்தப் பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்று டூட்டியில் இருக்கப்போவது நீங்கள்.

நான் பணி ஓய்வு பெற்றவள். வார்டில் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துப் பத்தாகச் சொல்கிறேன். நர்சுக்குப் பொறுமை வேண்டும் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பொறுமையைவிடப் பெரிய தேவை கவனம். உங்கள் கவனத்தைத் தின்கிற எதையும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பத்துக்கும் அடியில் ஓடுவது இதுதான்.

1. களைப்பை அறிகுறியாகப் பாருங்கள்

நோயாளிக்குக் காய்ச்சல் அடித்தால் அதை யாரும் அவருடைய குணக்கேடு என்று சொல்வதில்லை. டெம்பரேச்சர் எடுக்கிறோம், சார்ட்டில் போடுகிறோம், டூட்டி டாக்டருக்குச் சொல்கிறோம். உங்கள் களைப்பையும் அப்படியே நடத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், வேலையால் ஓய்ந்துபோகும் நிலையையும் சேர்த்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிசெய்யாமல் விட்ட அழுத்தம் நாள்பட்டுக் கொண்டுவரும் விளைவு என்று சொன்னது. மூன்று அடையாளமும் கொடுத்தது: தெம்பு வற்றுவது, வேலையோடு ஒட்டாமல் போய் வெறுப்பு வருவது, கைத்திறமை குறைவது.

வார்டில் இது எப்படித் தெரியும்? நைட் ஆஃப் எடுத்துத் தூங்கி எழுந்த பிறகும் கால் கனக்கும். நேற்று வரை ‘பாட்டி’ என்று கூப்பிட்டவரை இன்று ‘பதினாலாம் பெட்’ என்பீர்கள். வழக்கமாக ஒரே குத்தில் ஏறும் வென்ஃப்ளானுக்கு மூன்று இடத்தில் குத்துவீர்கள். இவற்றில் இரண்டு தெரிந்தாலே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள். மூன்றாவதும் வரட்டும் என்று காத்திருந்தால் வலி நோயாளியின் கைக்குத்தான்.

2. கவச உடையைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம்

போடும்போது உடம்பு தெம்பாக இருக்கும், மனசும் விழிப்பாக இருக்கும். கழற்றும்போது ஆறு மணி நேரம் ஓடியிருக்கும். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கும். கையுறைக்குள் விரல் நுனி வேர்வையில் ஊறிச் சுருங்கியிருக்கும். என்-95 பதிந்த மூக்குத்தண்டு எரியும். ஏ.சி. காற்று தொற்றைச் சுற்றிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த வார்டுகளில், நம் ஊர்க் கத்திரி வெயிலில் அந்த உடைக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிய்த்து எறிந்தால் போதும் என்றிருக்கும். தொற்று உங்களைப் பிடிக்கக் காத்திருப்பது அந்த நிமிஷத்தில்தான்.

வெளிக் கையுறையில் தொடங்குங்கள். உடையின் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி இறக்குங்கள். கண்ணாடியின் முன்பக்கத்தைத் தொடாமல் பின்பட்டையைப் பிடித்து எடுங்கள். முகத்திலிருந்து மாஸ்க் கடைசியாகத்தான் வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கையைச் சுத்தம் செய்யுங்கள்: சானிட்டைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். களைத்த மூளை தன் தப்பைத் தானே பார்க்காது. எவ்வளவு சீனியராக இருந்தாலும் தனியாகக் கழற்றாதீர்கள்.

3. தண்ணீர் குடிக்காமல் இருப்பது தியாகம் இல்லை

உடையைக் கழற்றினால் இன்னொரு கிட் வீணாகும் என்று தண்ணீரைக் குறைத்தவர்கள் உண்டு. டயபர் கட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் உண்டு. மாதவிலக்கு நாளில் வலியோடும் ஈரத்தோடும் ஷிப்டை முடித்தவர்கள் உண்டு. அவர்களை மெச்சிப் பேசியவர்கள், பிறகு வந்த நீர்க்கடுப்பையும் தலைசுற்றலையும் பற்றிப் பேசவில்லை.

உள்ளே போவதற்கு முன் சாப்பிடுங்கள். தண்ணீரோ மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடியுங்கள். மாதவிலக்கு வலி கடுமையாக இருந்தால், அன்று கவச உடை தேவைப்படாத வேலையை மாற்றிக் கேளுங்கள். ரோஸ்டர் போடுபவர் ஆணாக இருந்தாலும் கேளுங்கள். அவரும் நர்சிங் படித்தவர்தான்.

4. விடியற்காலை நான்கு மணியை நம்பாதீர்கள்

பன்னிரண்டு மணி நேர நைட்டில் அந்த நேரத்துக்குக் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், கண் பார்ப்பது மூளைக்குப் போய்ச் சேராது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அந்த நேரத்தில் தனியாக ஏற்றாதீர்கள். பக்கத்து வார்டு சிஸ்டரையாவது கூப்பிட்டு, மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர் மூன்றையும் அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். ‘இவளுக்கு இதுகூடத் தெரியாதா’ என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

காலையில் டூட்டி மாறும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வேடசந்தூர் பஸ் போய்விடுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கொடுக்கும் ஹேண்டிங் ஓவரில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். கட்டில் கட்டிலாக நடந்து கொடுங்கள், நடந்து வாங்குங்கள். ஆக்சிஜன் எத்தனை லிட்டர் ஓடுகிறது, சாச்சுரேஷன் எவ்வளவு, கடைசி டோஸ் எப்போது என்பதைக் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போனவருக்கு வீட்டில் தூக்கம் வரும். ‘அந்த ஊசியைச் சொன்னேனா?’ என்று பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

5. எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கோடு நிற்கும் படத்தைத்தான் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் செய்த பெரிய வேலை கணக்கு. படைவீரர்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை, மாதவாரியாக எண்ணி, 1858-ல் வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு அந்தக் கணக்கு பெரிய பலமாக இருந்தது.

அவர் பிறந்த 200-ஆம் ஆண்டு என்பதற்காக 2020-ஐ நர்சுகள், மருத்துவச்சிகள் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. அந்த ஏப்ரலில் வந்த அதன் அறிக்கை, உலகில் 59 லட்சம் நர்சுகள் குறைவு என்று சொன்னது. அந்தக் குறைவு உங்கள் வார்டில் எப்படி வந்து நிற்கும் தெரியுமா? ஐ.சி.யூ.வில் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. பெருந்தொற்று நேரத்தில் விதி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் நிற்பீர்கள்.

அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ரிப்போர்ட் புக்கில் மூன்று வரி எழுதுங்கள்: நோயாளிகள் இத்தனை, ஆக்சிஜனில் இத்தனை, டூட்டியில் இருந்த நர்சுகள் இத்தனை. புலம்பல் வேண்டாம், எண் போதும். ‘ஆள் பத்தவில்லை’ என்று வாயால் சொன்னது அன்று மாலையே மறந்துபோகும். தேதி போட்டு எழுதியது நிற்கும். நாளை ஒரு தவறு நடந்து உங்களுக்கு மெமோ வந்தால், உங்கள் பக்கம் பேசப்போவதும் அந்த மூன்று வரிதான்.

6. சாவைக் கடந்து ஓடாதீர்கள்

2021 மே மாதம், இரண்டாம் அலை. நத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மாந்தோப்புக்காரர், ஆக்சிஜனில் இருந்தார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவள். ஊரடங்கில் வர வழியில்லை. டூட்டியில் இருந்த சின்னப் பெண் ஃபோனை ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மகள் அழவில்லை. இந்த வருஷக் காய்ப்பைப் பற்றிப் பேசினாள். எந்த மரத்தில் பறித்தாயிற்று, எத்தனை கூடை போனது, வியாபாரி என்ன விலை கேட்டான் என்று வரிசையாகச் சொன்னாள். பெரியவர் மாஸ்க்குக்குள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் கை வலிக்க வலிக்க, கையை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தாள். மறுநாள் அவர் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

ஃபோன் பிடித்த நேரத்தை எந்தச் சார்ட்டிலும் யாரும் எழுதவில்லை. அதுவும் நர்ஸ் வேலைதான், அதற்கும் சக்தி செலவாகிறது. வீட்டார் பக்கத்தில் இல்லாத சாவில் மகள், மருமகள், பேத்தி இடங்களில் எல்லாம் நர்ஸ்தான் நிற்க வேண்டியிருந்தது. உடலைத் துடைத்து, சுற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, அதே கையோடு அடுத்த கட்டிலுக்கு டிரிப்ஸ் மாற்றப் போனார்கள்.

நீங்கள் அப்படிப் போகாதீர்கள். உடலை எப்போதும் இரண்டு பேராகச் சேர்ந்து எடுங்கள். முடித்ததும் வெளியே போய் முகம் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ‘நர்ஸ் அழக்கூடாது’ என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. அந்த வேலைக்கு ஒரே ஜூனியரை மறுபடி மறுபடி அனுப்பினால், ‘இன்று வேறு யாராவது போகட்டும் சிஸ்டர்’ என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

7. வீட்டில் பயத்தை மறைக்காதீர்கள்

‘பயப்படாதே’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2018 மே 21-ல், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி, நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோய் தொற்றி இறந்தார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை வீட்டில் எப்படிப் பேசுவது என்பதுதான் விஷயம்.

கணவரிடமோ அம்மாவிடமோ உண்மையைச் சொல்லுங்கள்: எந்த வார்டு, என்ன பாதுகாப்பு இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வீர்கள். வார்டில் பார்த்த கொடுமைகளைச் சோற்றுத்தட்டுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அவை சக நர்சிடம் பேச வேண்டியவை. தனிமைப்படுத்தி லாட்ஜ் அறையில் வைத்தால், பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ‘எப்போ வருவே?’ என்று கேட்கும் பிள்ளைக்குத் தெரியாத தேதியைச் சொல்லாதீர்கள். வாடகை வீட்டில் காலி செய்யச் சொன்னாலோ, தண்ணீர் பிடிக்க விடாவிட்டாலோ அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், அன்றே மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

8. கை ஓங்குபவரிடம் தனியாக நிற்காதீர்கள்

நோயாளியோடு வந்த அட்டெண்டரின் கோபம் பெட் கிடைக்காததாலும், பணத்தாலும், பயத்தாலும் வருவது. கண்ணுக்கு முதலில் படுவது நீங்கள் என்பதால் உங்கள் மேல் விழுகிறது. தாழ்ந்த குரலில், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததை டாக்டர்தான் சொல்வார் என்று சொல்லுங்கள். கை ஓங்கினால் பேச்சு முடிந்தது. விலகி வந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்கள் மேல் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் உண்டு. 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியது. அதற்கு மூன்றாம் நாள், ஏப்ரல் 22-ல், மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து ஆண்டு வரையும், கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டு வரையும் சிறை. ‘போனால் போகிறது’ என்று விட்டுவிட்டால் அடுத்த அடி அடுத்த நர்சுக்கு.

9. கைதட்டலையும் ஆர்டரையும் தனித்தனியாக வையுங்கள்

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது. மே 3-ல் விமானப்படை ஹெலிகாப்டரில் வந்து மருத்துவமனைகள் மேல் பூத் தூவியது. மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. 2021-ல் தமிழ்நாடு அரசு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான ஊக்கத்தொகையாக நர்சுகளுக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. மறுபக்கத்தையும் பாருங்கள். 2015-ல் தேர்வு வாரியப் பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்த நர்சுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-தான் கடைசி நாளானது.

நாளை வேலை இருக்குமா என்ற கவலை, வார்டில் இருக்கிற எந்தக் கிருமிக்கும் குறையாமல் தூக்கத்தைக் கெடுக்கும். சேரும் முன் ஆர்டரை முழுக்கப் படியுங்கள்: நிரந்தரமா, ஒப்பந்தமா, எத்தனை மாதம், விடுப்பு எத்தனை. தனியார் மருத்துவமனை என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 200 கட்டிலுக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்று பரிந்துரைத்தது.

டூட்டி ரோஸ்டரை மாதாமாதம் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கொரோனாக் காலத்தில் பணியில் இறந்த மருத்துவப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு இருந்தது. கொரோனா டூட்டியில்தான் இருந்தார் என்று காட்டினால்தான் அது கிடைத்தது. சங்கம் எதுவானாலும் ஒன்றில் சேருங்கள். தனி ஆள் கேட்டால் குறை சொல்கிறாள் என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கூட்டம் போட்டுப் பேசுவார்கள்.

10. உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள்

காய்ச்சலோடு டூட்டிக்கு வந்து, டூட்டி ரூமில் டிரிப்ஸ் போட்டுக்கொண்டு, பாட்டில் தீர்ந்ததும் பஞ்சை ஒட்டிக்கொண்டு வார்டுக்குத் திரும்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைப் பெருமையாகப் பேசும் வழக்கமும் உண்டு. இரண்டையும் உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள். தூக்கம் வரவில்லை என்று மருந்து அலமாரியிலிருந்து மாத்திரை எடுப்பதைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நாள்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் கண்ணீர் வருகிறது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டின் 104-லும் ஆலோசனை உண்டு. செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். சக நர்ஸ் உங்களிடம் அப்படிச் சொன்னால் புத்தி சொல்லாதீர்கள். கூடவே இருந்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இந்தப் பத்தில் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. போதுமான ஆள், நியாயமான ரோஸ்டர், நேரத்துக்குச் சம்பளம், உட்கார ஓர் அறை ஆகியவை நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியவை. அவர்கள் செய்யாததை உங்கள் பொறுமையால் ஈடுகட்ட முடியாது; முயன்றால் நோயாளிக்குப் போக வேண்டிய கவனம்தான் அதில் கரையும். நீங்களும் ஒரு நாள் இன்சார்ஜ் ஆகி ரோஸ்டர் போடுவீர்கள். நைட் முடித்தவளை அன்று மத்தியானமே கூப்பிடாதீர்கள். புதிதாக வந்தவளைப் பழகியவளோடு சேர்த்துப் போடுங்கள். ‘முடியவில்லை சிஸ்டர்’ என்று ஒருத்தி வந்து நின்றால், ‘நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்…’ என்று ஆரம்பிக்காதீர்கள். உட்காரச் சொல்லி, அவளுடைய அடுத்த ஷிப்டை யாருக்குக் கொடுப்பது என்று பாருங்கள்.